கீமோ போனபின் கட்டிக்குள் என்ன நடக்கிறது? லிம்போமா கேள்வி பதில்

பல வருஷம் பயாப்ஸி (சோதனைக்கு எடுத்த சதை) கண்ணாடிச் சில்லுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே காலம் தள்ளிவிட்டு, இப்போது காரைக்குடிக்கே வந்துவிட்டேன். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் பற்றி வந்த கேள்விகளில் நாலுக்குப் பதில்.

கானாடுகாத்தான் வாசகி: அப்பச்சிக்குக் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. முதல் கீமோ போட்டுப் பத்து நாளில் கைக்கே தட்டுப்படவில்லை. எங்கே போனது, டாக்டர்?

செத்துக் கரைந்தது, ஆச்சி. கீமோ மருந்துகளில் பல டிஎன்ஏவைச் சிதைக்கும். செப்பனிட முடியாத செல் தன்னையே முடித்துக்கொள்ளும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், கரு சுருங்கி மிளகு போலக் கறுத்து, அப்புறம் கடுகு கடுகாக உதிர்ந்து கிடக்கும். அதை விழுங்கவே உடம்பில் துப்புரவு செல்கள் உண்டு. ஒரேயடியாகச் செத்தால் யூரிக் ஆசிடும் பொட்டாசியமும் ரத்தத்தில் ஏறி, சிறுநீரகம் திணறும். சலைனும், யூரிக் ஆசிடைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையும் அதைத் தடுக்கத்தான்.

தேவகோட்டை: ஆறு கீமோவும் முடிந்தது. ஸ்கேனில் இன்னும் கட்டி மிச்சம் என்கிறார்கள்.

வெறும் தழும்பாகவும் இருக்கலாம். பெட் ஸ்கேனில், மிச்சம் இருப்பதில் உயிருள்ள நோய் எவ்வளவு என்பதற்கு டோவில் மதிப்பெண் என்று 1 முதல் 5 வரை போடுவார்கள். 3 வரை என்றால் பெரும்பாலும் நல்ல சேதி.

பள்ளத்தூர்: அம்மாவுக்கு நோய் திரும்பிவிட்டது. அதே நோய்தானே, மறுபடி எதற்கு பயாப்ஸி?

அதே நோய் என்று எப்படிச் சொல்வது, தம்பி? மழை பொய்த்த கண்மாயைப் பாருங்கள். மற்றதெல்லாம் கருகி, சீமைக்கருவேலம் மட்டும் நிற்கும். வறட்சி அதை முளைக்க வைக்கவில்லை, மிச்சம் வைத்தது. கட்டியிலும் எல்லாச் செல்லும் ஒன்றல்ல. டிபி53 மரபணு கெட்ட செல்லுக்குச் சாகும் உத்தரவே போய்ச் சேராது. சில செல்கள் உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும். ரிடுக்சிமாப் என்ற மருந்து பிடித்துக்கொள்வது செல்லின் மேலுள்ள சிடி20 புரதத்தை. திரும்பி வரும் கட்டி சிலருக்கு அதையே உதிர்த்திருக்கும். மெதுவாக வளரும் ஃபாலிகுலர் வகை, வேகமான பெரிய செல் வகையாக மாறியும் வரும். பழைய ரிப்போர்ட்டை வைத்து மருந்து எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. ஊசி குத்தி நாலு செல் எடுப்பதைவிட, முடிந்தால் நெறிக்கட்டியையே முழுசாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

புதுவயல்: நித்யகல்யாணிச் செடியில் கீமோ மருந்து இருக்கிறதாமே? கஷாயம் வைக்கலாமா?

வின்கிரிஸ்டின் அதிலிருந்து வந்ததுதான். செல் இரண்டாகும்போது குரோமோசோம்களை இழுக்கும் நூலைக் கட்டவிடாது. நரம்பிலும் அதே மாதிரி நூல் உண்டு, விரல் மரத்துப்போவதும் அதனால்தான். ஊசியில் போவதே வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் இல்லை. கஷாயத்தில் என்னென்ன எவ்வளவு இறங்கும் என்று யார் அளப்பது? வேண்டாம். ஏற்கெனவே குடித்திருந்தால், அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.