பெயரைப் பத்து எழுத்தில் வெட்டும் ஹெல்பர்: நல் வந்தாலும் சின்னப் பெயர் வந்தாலும் எரர்

நண்பரே, தமிழ்ப் பெயர்களைப் பத்து எழுத்தில் வெட்ட நீங்கள் எழுதிய எக்ஸ்டென்ஷன் மெத்தட், நல் (மதிப்பே இல்லாத நிலை) வந்தாலும் சின்னப் பெயர் வந்தாலும் எரர் தருகிறது என்று கேட்டிருந்தீர்கள். சி ஷார்ப்பில் சப்ஸ்ட்ரிங் (ஸ்ட்ரிங்கின் ஒரு பகுதியை வெட்டித் தரும் மெத்தட்) தாராளம் காட்டாது. ஏழு நீளமுள்ள பெயரிடம் பத்து கேட்டால், இருப்பதைத் தராமல் எக்ஸெப்ஷன், அதாவது எரர், வீசும். அதனால் கேட்ட அளவு, உள்ள நீளம் இரண்டில் சிறியதை மேத்.மின் வைத்து எடுங்கள். நல்லோ காலியோ வந்தால் முதல் வரியிலேயே காலி ஸ்ட்ரிங்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் மெத்தட் (ஸ்ட்ரிங்கின் சொந்த மெத்தட் போலக் கூப்பிடும்படி வெளியே எழுதியது) என்பதால் நல் மேல் கூப்பிட்டாலும் அது உள்ளே வந்துவிடும். வாசலில் பிடிப்பது உங்கள் வேலை.

சரி, எரர் போய்விடும். ஆனால் நீங்கள் வெட்டுவது தமிழ்ப் பெயர்களை என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். "முருகன்" நமக்கு நான்கு எழுத்து, ஸ்ட்ரிங்கின் நீளத்தைத் தரும் லெங்த் சொல்வதோ 7. உகரக் குறிகள் இரண்டும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ஆறில் வெட்டினால் "முருகன" என்று புள்ளி இல்லாமல் நிற்பார். எரரே வராது, அதுதான் கொடுமை. நானும் ஒரு ரிப்போர்ட்டில் இப்படிப் புள்ளிகளைத் தொலைத்திருக்கிறேன், பார்த்துச் சொன்னது வாடிக்கையாளர்.

இதற்கு ஸ்ட்ரிங்இன்ஃபோ கிளாஸ் இருக்கிறது. லெங்த்இன்டெக்ஸ்ட்எலிமென்ட்ஸ் "முருகன்"-க்கு 4 என்றே சொல்லும். வெட்ட சப்ஸ்ட்ரிங்பைடெக்ஸ்ட்எலிமென்ட்ஸ். இதுவும் எல்லை தாண்டினால் எக்ஸெப்ஷன் வீசும், காலி ஸ்ட்ரிங்கில் பூஜ்யத்திலிருந்து கேட்டால்கூட. மேலே சொன்ன இரண்டு சோதனைகளையும் எடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், இது திரையில் காட்டத்தானே? டேட்டாபேஸில் என்வார்சார் 10 (நீளம் பத்துக்குள் அடங்க வேண்டிய டெக்ஸ்ட்) நெடுவரிசைக்கு என்றால் இந்தக் கணக்கு உதவாது, அங்கே குறிகளும் இடம் பிடிக்கும்.