எலிக்காகக் கேட்க ஆள் உண்டா?

கேள்வி: பல்கலைக்கழக ஆய்வுகளில் எலிகளை வதைக்கிறார்களே, தட்டிக்கேட்க ஆளே இல்லையா?

பதில்: இருக்கிறோம். நெறிமுறைக் குழு ஒன்றில் கால்நடை மருத்துவராக நானும் உட்காருகிறேன். எலியைத் தொடும் முன்பே விண்ணப்பம் எங்களிடம் வந்தாக வேண்டும். சோதனையை எந்தக் கட்டத்தில் நிறுத்துவார்கள் என்ற பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். 'தேவைப்பட்டால்' என்று மழுப்பியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். எடை 20 சதவீதம் குறைந்தால் என்பதுபோலத் தெளிவாக இருக்க வேண்டும். வலியில் எலி கண்ணை இடுக்கும், காதைப் பின்னுக்கு இழுக்கும். அதைக் கவனிக்கத் தெரிந்தவர் தினமும் கூண்டருகே போகிறாரா என்றும் கேட்பேன்.

விலங்குச் சோதனைக்கு ரஸ்ஸல், பர்ச் என்ற விஞ்ஞானிகள் 1959இல் மூன்று நெறிகள் சொன்னார்கள்: மாற்று (முடிந்தால் விலங்கில்லாத வழி), குறைப்பு (குறைவான விலங்குகள்), மேம்பாடு (குறைவான வலி). இவற்றில் குறைப்புதான் எப்போதும் இழுபறி. ரொம்பக் குறைத்தால் முடிவே தேறாது, அத்தனை எலியும் வீண். எங்கள் குழுவில் விஞ்ஞானி அல்லாத ஒருவரும் உண்டு. குடைச்சலான கேள்வி பெரும்பாலும் அவருடையதுதான்!