ஆல்ட்கெல்டின் கையெழுத்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

மே தினக் கட்டுரையில் அமெரிக்காவின் இல்லினாய் மாநில ஆளுநர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டை ஒரு வரியில் பாராட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். ஹேமார்க்கெட் வழக்கில் (1886-ல் சிகாகோவில் தொழிலாளர் கூட்டத்தில் போலீஸ் மீது குண்டு வீசப்பட்டதற்காக அராஜகவாதிகள் மீது போட்ட வழக்கு) நால்வர் தூக்கிலிடப்பட்டு ஐந்தரை வருடம் கழித்து, சிறையில் மிஞ்சியிருந்த மூவரை விட்டார். இதில் என்ன வீரம்? தொழிலாளர் ஓட்டுக்காகச் செய்ததாகவே எனக்குப் படுகிறது.

செந்தில், திருப்பூர்

அன்புள்ள செந்தில்,

ஓட்டுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். அங்கே ஆளுநர் நம்மூர் ஆளுநரைப் போல நியமனத்தில் வருபவர் அல்ல, மக்கள் ஓட்டில் வருபவர். ஆல்ட்கெல்ட் 1892-ல் ஜெயித்தார். 1893 ஜூன் 26-ல் மூவரையும் விடுவித்தார். 1896-ல் தோற்றார். அதன்பின் எந்தத் தேர்தலிலும் ஜெயிக்கவில்லை.

ஓட்டுதான் குறி என்றால் சுலபமான வழி கையிலேயே இருந்தது. சிகாகோவின் பெரிய மனிதர்கள் பலரே கருணை மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ‘அனுபவித்த தண்டனை போதும்’ என்று நாலு வரி எழுதியிருந்தால் பெரிதாக யாரும் கோபித்திருக்க மாட்டார்கள். அவர் எழுதியது ஒரு சிறு புத்தகம் அளவுக்கு நீண்ட அறிக்கை. குற்றவாளிகள் என்றால் விடக்கூடாது, விசாரணையே தப்பு என்றால் கருணை என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது அவர் வாதம். ஜூரிகளைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். முன்முடிவோடு வந்ததை ஒப்புக்கொண்டவர்களைக்கூட வழக்கை விசாரித்த நீதிபதி கேரி உட்கார வைத்திருக்கிறார். குண்டு வீசியது யார் என்றே நிரூபிக்கவில்லை. இப்படி ஒவ்வொன்றாக, சாட்சியத்தை எடுத்து வைத்துக்கொண்டு போகிறார். வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர் அல்லவா, கை வேலை தெரிகிறது. தூக்கில் போட்ட நால்வரையும் சேர்த்தே அந்த அறிக்கை பேசியது. பத்திரிகைகளுக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். அவரையே அராஜகவாதி என்றார்கள். ஜெர்மனியில் பிறந்தவருக்கு அமெரிக்க நீதி எப்படிப் புரியும் என்றார்கள். கைக்குழந்தையாக ஒஹாயோவுக்கு வந்து, பதினாறு வயதில் உள்நாட்டுப் போருக்குப் போனவரைப் பார்த்து!

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. 1887 நவம்பரில் தூக்குப் போட்டபோது அவர் அதே சிகாகோவில் நீதிபதி. பகிரங்கமாக வாய் திறக்கவில்லை. நிலம் வாங்கி விற்றுப் பணம் சேர்த்தவர், சிகாகோவில் பதினாறு மாடிக் கட்டடம் கட்டியவர். வேலைநிறுத்தங்களுக்கு மாநிலப் படையை அனுப்பத் தயங்கியவரும் அல்ல. 1894-ல் புல்மன் என்ற ரயில்பெட்டி நிறுவனத்தில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஜனாதிபதி கிளீவ்லாண்ட் தன்னைக் கேட்காமல் மத்தியப் படையை இறக்கியபோதுதான் சண்டைக்குப் போனார். இவ்வளவுக்கும் கிளீவ்லாண்ட் சொந்தக் கட்சிக்காரர்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். தொழிற்சாலை ஆய்வுச் சட்டம் 1893-ல் அவர் காலத்தில் வந்தது. தலைமை ஆய்வாளராக ஃப்ளாரன்ஸ் கெல்லி என்ற பெண்ணை நியமித்தார். ஆளுநர் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டுரிமையே இல்லாத காலத்தில்! அந்தச் சட்டத்தில் பெண்களுக்கு எட்டு மணி நேரம் என்றிருந்த பிரிவை 1895-ல் மாநில உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. திருப்பூர்க்காரரான உங்களுக்கு அந்தக் கதை தனியாகவே பிடிக்கும்.

அறிக்கை முழுவதும் இணையத்தில் கிடைக்கிறது. ஆஸ்கார் நீபி பற்றிய பகுதியிலிருந்து தொடங்குங்கள். பதினைந்து வருடத் தண்டனை பெற்றவர் அவர். அவருக்கு எதிராகப் போதுமான சாட்சியம் இல்லை என்று அரசு வழக்கறிஞரே விசாரணையின்போது சொன்னதாக, அன்றைய சிகாகோ மேயர் எழுதிக்கொடுத்த கடிதத்தை ஆல்ட்கெல்ட் அதில் சேர்த்திருக்கிறார்.