வாள் என்ன பாரம்?

கேள்வி: என் மகன் பாடசாலை நாடகத்தில் பழைய காலத்து ஐரோப்பியப் போர்வீரனாக நடிக்கிறான். "அந்தக் காலத்து வாள் 20 கிலோ இருக்கும், மூச்சு வாங்கத் தூக்கு" என்று பழக்குகிறவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவ்வளவு பாரமா, சேர்?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: இல்லை மகள். மூச்சு வாங்க வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். ஒரு கையால் வீசிய வாள் பெரும்பாலும் 1 கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும், அவ்வளவுதான். இரு கைகளாலும் பிடிக்கிற நீண்ட வாள்கூட 1.2 முதல் 1.8 கிலோ வரைதான். 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் காலாட்படையில் ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு வாள் இருந்தது. சண்டைக்கென்று செய்த அந்தப் பெரிய வாளே பொதுவாக 2 முதல் 3.5 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

என் அப்பா தோட்டத்துப் பட்டறையில் கவ்வாத்துக் கத்திகளுக்குப் பிடி போட்டு, தீட்டிக் கொடுத்தவர். வேலை முடிந்ததும் ஒரு விரலை நீட்டி அதன்மேல் கத்தியைக் கிடத்திப் பார்ப்பார். முனைப்பக்கம் அளவுக்கு மீறித் தொங்கினால் பிடியைக் கழற்றி வேறு கட்டை போடுவார். "விடியக் காலையிலிருந்து வெட்டுறவன் மணிக்கட்டு என்னத்துக்கு ஆகும்?" என்பார். வாள் செய்த கொல்லனுக்கும் இதே கவலைதான். அதனால்தான் வாள்பிடியின் அடியில் ஓர் இரும்புக் குமிழை வைத்தான். அலகின் பாரத்துக்கு அது ஈடு கொடுக்கும். அலகையும் நுனிக்குப் போகப் போக மெலிதாக்கினான். பல வாள்களில் அலகின் நடுவே நீளமாக ஒரு பள்ளம் ஓடும். இரத்தம் வடிவதற்கு என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். உறுதி குறையாமல் பாரத்தைக் குறைக்கிற வேலை அது.

வாளை வீசினால் மட்டும் போதாது. வீசியதை நிறுத்த வேண்டும், திருப்ப வேண்டும், எதிராளியின் வெட்டைத் தடுக்க வேண்டும். 20 கிலோவை வீசினால் அது ஆளையே இழுத்துக்கொண்டு போகும். அதற்குள் எதிரி குத்தி முடித்திருப்பான்.

சரி, இந்தக் கதை எங்கிருந்து வந்தது? ஊர்வலங்களில் ஏந்திப் போவதற்கென்றே பெரிய வாள்கள் செய்தார்கள். அவற்றில் சில உண்மையாகவே நல்ல பாரம். சுவரில் தொங்கும் அதைப் பார்ப்பவர் போர் வாளும் இப்படித்தான் என்று நினைத்துவிடுவார். அலங்காரத்துக்கு விற்கும் தடித்த போலி வாள்களைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கும் அதே எண்ணம்தான் வரும்.

உங்கள் மகனுக்குப் பலகையில் வாள் செய்வதானால் பிடியின் அடியில் கொஞ்சம் கனம் வையுங்கள். அப்புறம், மணிக்கட்டைத் திருப்பி வேகமாக வீசப் பழகட்டும். மேடையில் அதுதான் பார்க்கவும் அழகு.

கேள்வி: இரும்புக் கவசம் போட்ட வீரர்களைக் கப்பி கட்டித்தான் குதிரையில் ஏற்றினார்களாமே?
– வாசகர், நோர்வூட்

பதில்: வெறும் கட்டுக்கதை. 15ஆம் நூற்றாண்டின் முழுக் கவசம் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ. தோள், இடுப்பு, கை, கால் என்று பாரம் உடம்பெங்கும் பிரிந்துவிடும். வீரர்கள் தாங்களாகவே குதிரை ஏறினார்கள். பூசிக்கோ என்ற பிரெஞ்சுத் தளபதி தலைக்கவசம் மட்டும் இல்லாமல் மற்றெல்லாம் அணிந்தபடி குட்டிக்கரணம் அடித்தார் என்று அவர் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். குதிரைமேல் ஈட்டியோடு மோதும் போட்டிக்கென்று செய்த கவசம் மட்டும் 40 கிலோவைத் தாண்டுவதுண்டு. அதைப் போட்டுக்கொண்டு யாரும் போருக்குப் போகவில்லை.