கண் அழுத்தமும் கூடவே இருக்கும் நோய்களும்: வாசகர் கேள்வி பதில்

கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் தனியாக வந்தால் சமாளிப்பது ஓரளவு சுலபம். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலும் அதோடு சர்க்கரை, பி.பி., வீசிங், மூட்டுவாதம் என்று ஏதாவது ஒன்று சேர்ந்தே இருக்கிறது. ஒரு மருத்துவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாமல் போவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அத்தகைய கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அம்மாவுக்கு 61 வயது. பல வருடமாக வீசிங் உண்டு. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். கண்ணில் பிரஷர் என்று காலையும் இரவும் விட ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அதன் பிறகு இளைப்பு கூடியதுபோல் தெரிகிறது. கண்ணில் விடும் மருந்துக்கும் நெஞ்சுக்கும் சம்பந்தம் உண்டா?
— வாசகி, தேனி

உண்டு. அந்தப் பாட்டிலில் ‘டிமோலால்’ என்ற பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கண்ணில் விடும் சொட்டு, கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்குள்ள மெல்லிய சவ்வு வழியாக நேரே ரத்தத்தில் கலந்துவிடும். விழுங்கும் மாத்திரையைக் கல்லீரல் முதலில் ஓரளவு சிதைத்துவிடுகிறது. சொட்டு மருந்துக்கு அந்தத் தடுப்பு கிடையாது. டிமோலால், பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்தது. மூச்சுக்குழாயைச் சுருக்கும், நாடித்துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, ஹார்ட் பிளாக் எனும் இதயத்தின் மின்னோட்டத் தடை, மிக மெதுவான நாடித்துடிப்பு உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. இளைப்புக்கு உறிஞ்சும் சால்புட்டமால் செய்யும் வேலையையும் அது தடுக்கும்.

கூட்டு மருந்துகளில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பிரிமோனிடின், டார்சோலமைடு, பைமாட்டோபிராஸ்ட் ஆகியவற்றோடு டிமோலாலைச் சேர்த்த பாட்டில்கள் கடையில் நிறைய. பெரிய எழுத்தில் இருக்கும் பிராண்ட் பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பட்டியலைப் படிக்க வேண்டும்.

டிமோலால் இருந்தால் அடுத்த சொட்டை விடாமல், இன்றே கண் மருத்துவரைக் கூப்பிட்டு “அம்மாவுக்கு வீசிங் இருக்கிறது” என்று சொல்லுங்கள். இப்போதே மூச்சு வாங்கினால் முதலில் அவசர சிகிச்சைக்குப் போங்கள். லட்டானோபிராஸ்ட், பிரின்சோலமைடு போன்ற மாற்று மருந்துகள் உண்டு. மாற்று வாங்காமல் மருந்தை அப்படியே விட்டுவிடவும் கூடாது, கண் அழுத்தம் மறுபடி ஏறிவிடும்.

இன்சுலின் போடுவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் கைநடுக்கத்தையும் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் உடம்பு வியர்த்துக் கொட்டினால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

எனக்கு மூட்டுவாதம். விரல்கள் மடங்காது. இரவில் இரண்டு கண்ணுக்கும் விடும் 2.5 மி.லி. பாட்டில் பதினைந்து நாளில் தீர்ந்துவிடுகிறது. பாதி கன்னத்தில்தான் வழிகிறது. காலையில் இன்னொரு மருந்தும் உண்டு.
— வாசகர், மன்னார்குடி

2.5 மி.லி. பாட்டிலில் ஏறக்குறைய 80 சொட்டு இருக்கும். ஒரு கண்ணுக்கு ஒன்று வீதம் இரவில் இரண்டு சொட்டு என்றால் ஒரு மாதத்துக்குத் தாராளமாக வர வேண்டும். உங்களுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று சொட்டு விழுகிறது. ஒரே சொட்டையே கண் முழுதாகத் தாங்காது. இரண்டாவது சொட்டு முதலாவதையும் சேர்த்துக்கொண்டுதான் வெளியே வழியும்.

உட்கார்ந்து விட வேண்டாம். படுத்துக்கொள்ளுங்கள். இடது கை ஆள்காட்டி விரலால் கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்தால் உள்ளே ஒரு சிறு பை தெரியும். பாட்டிலைப் பிடித்த கையின் மணிக்கட்டை நெற்றியில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் அடங்கும். மேலே பார்த்தபடி, பாட்டில் நுனி கண்ணிலோ இமைமுடியிலோ படாமல் ஒரு சொட்டு. பிறகு கண்ணை மூடுங்கள். இறுக்கிச் சிமிட்டினால் மருந்து வெளியே வந்துவிடும். மூக்கை ஒட்டிய கண்ணின் உள்மூலையை விரல் நுனியால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து கண்ணிலேயே தங்கும். ரத்தத்துக்குப் போகும் அளவும் குறையும். சொட்டு விட்ட பிறகு தொண்டையில் கசப்பு தெரிந்தால், அழுத்திய இடம் சரியில்லை என்று அர்த்தம்.

பாட்டிலைப் பிதுக்க விரலில் பலம் இல்லையென்றால், அதைச் சுற்றிப் பொருத்தும் பிளாஸ்டிக் பிடிப்பான்கள் கண் மருத்துவமனை மருந்துக் கடைகளில் கிடைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு மருந்து விட நேர்ந்தால் நடுவே 5 நிமிட இடைவெளி வேண்டும். குலுக்க வேண்டிய மருந்தைக் குலுக்குங்கள். ஆயின்ட்மென்ட் இருந்தால் அது கடைசியில். கன்னத்தில் வழிந்த மருந்தைத் துடைத்துவிடுங்கள். லட்டானோபிராஸ்ட் வகை தோலில் தங்கினால் கண்ணைச் சுற்றிக் கருமை படரும்.

வைக்கும் இடத்தையும் கவனியுங்கள். லட்டானோபிராஸ்ட் பாட்டிலைத் திறக்கும்வரை பெரும்பாலும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். திறந்த பிறகு 25 டிகிரிக்கு உட்பட்ட வெப்பத்தில் வெளியே வைக்கலாம் என்று அட்டையில் இருக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே அதைவிட அதிகம். அதனால் திறந்த பிறகும் ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதி வைத்து, குறித்திருக்கும் காலக்கெடு முடிந்ததும் மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

காலையில் வெறும் வயிற்றில் 1 லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு யோகா செய்வேன். சிரசாசனமும் உண்டு. கண் அழுத்தம் இருப்பது இப்போதுதான் தெரிந்தது. தொடரலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

சிரசாசனத்தை விட்டுவிடுங்கள். தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்பதை சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகா பழகியவர்களிடமே அளந்து 2006-ல் வெளியிட்டார்கள். இயல்பான அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம், அது இரட்டிப்பானால் நோயால் ஏற்கெனவே நலிந்த கண் நரம்பு தாங்காது. சர்வாங்காசனமும், தலையைத் தாழ்த்தி நெடுநேரம் நிற்கும் மற்ற நிலைகளும் வேண்டாம். மூச்சை அடக்கிக்கொண்டு கனமான எடை தூக்குவதும் கூடாது. வேகநடை நல்லது, அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும்.

தண்ணீர் விஷயத்தில் அளவைவிட வேகம்தான் பிரச்சினை. 1 லிட்டரை 5 நிமிடத்தில் குடிக்கவைத்து அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதே ஒரு காலத்தில் கிளாக்கோமா சோதனையாக இருந்தது. அதே தண்ணீரை டம்ளர் டம்ளராகக் காலை முழுவதும் குடியுங்கள்.

மாமாவுக்கு பி.பி. மாத்திரை மூன்று வகை, எல்லாம் இரவில். புராஸ்டேட்டுக்கும் இரவில் ஒன்று. கண் அழுத்தம் 14-தான் இருக்கிறது என்கிறார்கள், ஆனால் பார்வைப் பரப்புச் சோதனையில் இழப்பு கூடிக்கொண்டே போகிறது. ஏன்?
— வாசகி, யாழ்ப்பாணம்

கண் நரம்புக்கு ரத்தம் போய்ச் சேருவது, உடலின் ரத்த அழுத்தத்துக்கும் கண் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தூக்கத்தில் பி.பி. இயல்பாகவே 10 முதல் 20 சதவீதம் இறங்கும். அதோடு எல்லா மாத்திரையும் இரவிலேயே சேர்ந்தால் இன்னும் தாழ்ந்துபோகலாம். பகலில் அளந்தால் அது தெரியவே தெரியாது. கண் மருத்துவரின் குறிப்போடு பொதுமருத்துவரிடம் போய், 24 மணி நேரம் பி.பி. அளக்கும் கருவியைக் கட்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். இரவில் மிகவும் தாழ்ந்தால் சில மாத்திரைகளைக் காலைக்கு மாற்றுவார்கள். நீங்களாக மாற்ற வேண்டாம்.

அந்த புராஸ்டேட் மாத்திரை டாம்சுலோசின் என்றால், பின்னால் கண்புரை அறுவைக்குப் போகும்போது மறக்காமல் சொல்ல வேண்டும். அறுவையின்போது கண்மணி சுருங்கி, அதைச் சுற்றியுள்ள கருவிழிப்படலம் தளர்ந்து அலையும். முன்பே தெரிந்தால் மருத்துவர் தயாராக இருப்பார். மாத்திரையை எப்போதோ நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள்.

முடக்குவாதத்துக்கு பிரெட்னிசோலோனும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சாப்பிடுகிறேன். கண்ணுக்கு ஆபத்து என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?
— வாசகி, திருநெல்வேலி

நிறுத்த வேண்டாம். நாள்பட எடுத்த பிரெட்னிசோலோனைத் திடீரென நிறுத்தினால் உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு போதாமல் மயங்கி விழும் அளவுக்குப் போகலாம். கண்ணைக் கண்காணிப்பதுதான் வழி. ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றும், புரையை வரவழைக்கும், சர்க்கரையையும் கூட்டும். அழுத்தம் ஏறுவதை வலியோ சிவப்போ காட்டிக்கொடுக்காது, அளந்தால்தான் தெரியும்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு விழித்திரைப் பரிசோதனையும், 5 வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் ஒன்றும் வேண்டும். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. தாண்டக் கூடாது. 50 கிலோ எடை என்றால் 250 மி.கி. சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஆபத்து கூடுதல், பரிசோதனையும் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது இருந்தால் அதுவும் ஸ்டீராய்டுதான். கண் அலர்ஜியால் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளுக்குப் பழைய சீட்டைக் காட்டி அதை மாதக்கணக்கில் விடுகிறார்கள். குணமாகக்கூடிய அலர்ஜிக்காகத் திரும்ப வராத பார்வையைப் பறிகொடுப்பது மனதைப் பிசைகிற விஷயம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சளி மாத்திரை அட்டையில் ‘கிளாக்கோமா உள்ளவர்கள் தவிர்க்கவும்’ என்று இருக்கிறது. எனக்கும் பொருந்துமா?
— வாசகர், மதுரை

உங்களுக்கு எந்த வகை என்பதைப் பொறுத்தது. அந்த எச்சரிக்கை பெரும்பாலும் குறுகிய கோணம், அதாவது கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் ஓரத்து இடுக்கு குறுகலாக உள்ளவர்களுக்கானது. திறந்த கோண வகை என்றாலோ, லேசரில் கருவிழிப்படலத்தில் துளை போட்டாகிவிட்டது என்றாலோ பொதுவாகப் பயமில்லை. எந்த வகை என்பதைக் கண் மருத்துவரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குறுகிய கோணம் உள்ளவருக்குத் திடீரெனக் கடுமையான கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் வந்தால் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தியைப் பார்த்துப் பித்தம் என்று நினைத்து விடியும்வரை காத்திருந்தால் பார்வை போய்விடலாம்.

எனக்கு வந்துவிட்டது. கூடப் பிறந்தவர்களும் பார்க்க வேண்டுமா? அவர்களுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.
— வாசகி, திருச்சி

கட்டாயம். கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். இந்த நோய் ஓரப் பார்வையை முதலில் தின்னும். ஒரு கண்ணில் விட்டுப்போனதை மறு கண் நிரப்பிவிடுவதால் வெகுநாள் தெரியாது. எழுத்துப் பலகையைப் படிக்கவைத்துக் கண்ணாடி எழுதிக்கொடுக்கும் பரிசோதனை போதாது. கண் அழுத்தம், கோணம், கண்மணியை விரித்துப் பார்க்கும் நரம்புப் பரிசோதனை மூன்றையும் கேட்டுச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். கோணத்தைப் பார்த்த பிறகுதான் கண்மணியை விரிப்பார்கள். மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். அன்று பைக் ஓட்டாமல் துணைக்கு ஒருவரோடு போவது நல்லது.