அம்மாவுக்கு வாய்ப்புண்ணு, இது மூட்டு நோயாலயா மருந்தாலயா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. அம்மாவுக்கு 56 வயசு, பால்மரம் வெட்டுனவங்க, ஏழு வருஷமா முடக்குவாதம், அதாவது மூட்டெல்லாம் வீங்கி வலிக்கிற நோய். அந்த மூட்டு நோய அடக்க வாரம் ஒரு தடவை, சனிக்கிழமைக்கு மெத்தோட்ரெக்சேட் ஆறு மாத்திரை, தினம் காலையில பிரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரை. போன வருஷம் திடீர்னு இனிப்புநீர், அதான் சர்க்கரை நோய்னு சொல்லிட்டாங்க, தீபாவளி முடிஞ்சு முதுகுல அக்கி, போன வாரம் நீர்க்கடுப்புன்னு டவுன்ல ஒரு கிளினிக்ல ஆன்டிபயாடிக் வாங்கியிருக்காங்க, கவர்ல பாக்ட்ரிம்னு இருக்காம். இப்ப வாயெல்லாம் புண்ணு, கஞ்சி கூட இறங்கல. இது ஒரே நோயா, நாலு நோயா, மூட்டு மருந்த நிறுத்திடலாமா, அண்ணன் பசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) ஒரு ஜாமு, அதான் மலாய் நாட்டு மருந்து, வாங்கிட்டு வந்திருக்கு அத குடுக்கலாமா, இதுதான் கேள்வி.

தங்கச்சி, மத்தத பொறுமையா படிக்கலாம், வாய்ப்புண்ணுக்கு மட்டும் இன்னைக்கே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க, அப்பாய்ன்ட்மென்ட் வரட்டும்னு இருக்காதீங்க. மெத்தோட்ரெக்சேட்டும் பாக்ட்ரிமும் ஒண்ணா சேரக்கூடாத மருந்து. புது ரத்தமும் தோலும் உருவாக ஃபோலேட்னு ஒரு சத்து வேணும், ரெண்டுமே உடம்புல அது வேலை செய்யறத தடுக்கும், அதோட பாக்ட்ரிம் வந்தா மெத்தோட்ரெக்சேட் சிறுநீர்ல சரியா வெளிய போகாம ரத்தத்துல தங்கிடும். அப்ப எலும்பு மஜ்ஜையில புது ரத்தம் ஊறுறது குறைஞ்சு போகும். வாயோட உள்தோல் சீக்கிரம் சீக்கிரம் புதுசா வளருற தோல், அதனாலதான் பல பேருக்கு முதல்ல அங்க தெரியுது. காய்ச்சல், தொண்டை வலி, தோல்ல காரணமில்லாம நீலம் கட்டுறது, பல் ஈறுல ரத்தம் இதுல ஒண்ணு இருந்தாலும் இன்னும் அவசரம். ரத்த அணுவும் கிட்னியும் டெஸ்ட் பண்ணுவாங்க, தேவைப்பட்டா ஃபோலினிக் ஆசிட் குடுப்பாங்க, அது மெத்தோட்ரெக்சேட்டோட கெடுதல முறிக்கிற மருந்து. டாக்டர் பாக்குற வரைக்கும் மெத்தோட்ரெக்சேட்டையும் பாக்ட்ரிமையும் குடுக்க வேணாம்.

ஆனா பிரெட்னிசோலோன மட்டும் நிறுத்திடாதீங்க. மாசக்கணக்கா அத சாப்பிட்ட உடம்பு தானா சுரக்க வேண்டியத சுரக்காம மறந்து போயிருக்கும், திடீர்னு நிறுத்தினா பிரஷர் விழுந்து ஆளே மயங்கிடுவாங்க. வாந்தியால முழுங்க முடியலன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஊசியா போடுவாங்க.

நான் இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. ஆஸ்பத்திரி மருந்து கவுண்டர்ல நான் வேலை பாத்தப்ப ஒரு பாட்டி இதே மாதிரி வாய்ப்புண்ணோட வந்தாங்க, பேசவே முடியல, கைல ஒரு பிளாஸ்டிக் பை. பைய கொட்டி எண்ணி பாத்தா ஒரு மாசத்துக்கு குடுத்த மெத்தோட்ரெக்சேட் ஒரு வாரத்துலயே மொத்தமும் காலி. வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிட வேண்டியத தினமும் சாப்பிட்டிருக்காங்க, ஏன்னா தினமும் சாப்பிட குடுத்த ஃபோலிக் ஆசிட் சத்து மாத்திரையும் அதே மாதிரி மஞ்சளா சின்னதா இருந்துச்சு, ரெண்டும் ஒரே பையில. அன்னையிலிருந்து நான் யாருக்கு குடுத்தாலும் மெத்தோட்ரெக்சேட் கவர்ல "சனி மட்டும்"னு பெருசா எழுதி, வேற டப்பாவுல வைக்க சொல்லுவேன். அம்மாவோட டப்பாவையும் இன்னைக்கே பாருங்க.

ஒரே நோயான்னு கேட்டீங்க. அம்மாவுக்கு இருக்கற அடிப்படை நோய் ஒண்ணுதான், மத்தது அதோட மருந்துகள்ல இருந்தும் குறைஞ்சு போன எதிர்ப்பு சக்தியில இருந்தும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரெட்னிசோலோன் சர்க்கரைய ஏத்தும், அதுவும் காலையில சாப்பிட்டா மத்தியானத்துக்கு மேலதான் ஏறும், வெறும் வயித்துல குத்தி பாத்தா நல்லா இருக்குற மாதிரியே காட்டும். அதனால மத்தியான சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சும் பாத்து எழுதி வைங்க. அக்கியும் இப்படி எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு அதிகமா வரும், இன்னொரு தடவை கொப்புளம் தெரிஞ்சா 72 மணி நேரத்துக்குள்ள மருந்து ஆரம்பிக்கணும், மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு பூசிட்டு நாள கடத்தாதீங்க.

காய்ச்சல் விஷயத்துல தோட்டத்துல இருக்கறவங்க இன்னும் கவனமா இருக்கணும், டெங்கியும் இருக்கு, செம்பனை காட்டுல எலியால வர்ற காய்ச்சலும் இருக்கு, பிரெட்னிசோலோன் சாப்பிடுறவங்களுக்கு காய்ச்சல் சூடு குறைச்சலாதான் காட்டும். லேசா கணகணன்னு இருந்தாலே கிளினிக் போய் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுறாங்கன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க. பொன்ஸ்தான், வோல்டரன் மாதிரி வலி மாத்திரை குடுக்காதீங்க, டெங்கியா இருந்தா ரத்தக்கசிவு ஆகும், பனாடோல் (பாராசிட்டமால்) போதும்.

ஜாமு வேணாம். அண்ணன் பாசத்துலதான் வாங்கியிருக்காரு, அவர திட்டாதீங்க. ஆனா மூட்டுவலிக்குன்னு விக்கிற சில ஜாமுல டெக்ஸாமெத்தசோன் கலந்திருக்கறத நம்ம சுகாதார அமைச்சே பல தடவை கண்டுபிடிச்சு எச்சரிச்சிருக்கு. அதுவும் ஸ்டீராய்டுதான். குடிச்ச ரெண்டாவது நாளே வலி பறந்துருச்சுன்னா எனக்கு முதல்ல அந்த சந்தேகம்தான் வரும், அம்மா ஏற்கனவே ஸ்டீராய்டு சாப்பிடுறாங்க, சர்க்கரையும் இருக்கு.

மூட்டு மருந்த மொத்தமா நிறுத்தலாமான்னா, டாக்டர் பாக்குற வரைக்கும் மெத்தோட்ரெக்சேட்ட தள்ளி வைக்கறது வேற, ஒரேயடியா நீங்களா நிறுத்தாதீங்க. நோய அடக்காம விட்டா விரல் எலும்பு அரிச்சு கோணிப் போகும், அப்புறம் நிமிராது, நெஞ்சுக்கும் நல்லதில்ல. ரத்தம் சரியானதும் எப்ப திரும்ப ஆரம்பிக்கலாம், டோஸ குறைக்கணுமா, வேற மருந்தா, பிரெட்னிசோலோன எவ்வளவு மெதுவா இறக்கலாம்னு மூட்டு ஸ்பெஷலிஸ்ட்தான் முடிவு பண்ணணும். எமர்ஜென்சியில இருக்கும்போதே அவங்களுக்கு தகவல் குடுக்க சொல்லி கேளுங்க.

இன்னைக்கு கிளம்பும்போது வீட்டுல இருக்கற எல்லா மாத்திரையையும் கவரோட ஒரு பையில போட்டுக்கோங்க, காலியான பாக்ட்ரிம் அட்டைய கூட தூக்கி போடாதீங்க, கடைசியா மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டது எந்த சனின்னு ஒரு தாள்ல எழுதிக்கோங்க. அந்த ஜாமு பாட்டிலையும் எடுத்துட்டு போங்க, அம்மா ஏற்கனவே ரெண்டு மடக்கு குடிச்சிருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.