தேர்ச்சி சதவீதம்: கேளுங்கள், சொல்கிறேன்

கல்லூரித் தேர்வுப் பிரிவில் பல வருடம் கணக்குப் போட்டவள் நான். பட்டியலின, பழங்குடி, முதல் தலைமுறை, அரசுப் பள்ளி மாணவர்களின் தேர்ச்சிக் கணக்கை எப்படிப் படிப்பது என்று வந்த கேள்விகளில் சில.

மேடம், எங்கள் துறையில் கடைசி செமஸ்டரில் எஸ்.சி. மாணவர்கள் 89 சதவீதம் தேர்ச்சி. மற்றவர்களும் அவ்வளவுதான். இடைவெளி இல்லை என்று எழுதலாமா? (துறைத் தலைவர்)

அவசரப்படாதீர்கள் சார். தேர்வு எழுதியவர்களில் 89-ஆ, முதலாண்டு சேர்ந்தவர்களில் 89-ஆ? 40 பேர் சேர்ந்து, 28 பேர் எழுதி, 25 பேர் தேறினால் உங்கள் 89 வந்துவிடும். சேர்ந்தவர்களை வைத்துப் போட்டால் 62.5தான். நடுவில் நின்றுபோன 12 பேர் ஃபெயில் பட்டியலில்கூட இல்லை. சேர்க்கைப் பதிவேட்டையும் ஒவ்வொரு செமஸ்டர் ஹால் டிக்கெட் பட்டியலையும் பேர் பேராக ஒத்துப் பாருங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் முதல் செமஸ்டர் அரியரில் மிரண்டு போனவர் யார், ஐந்தாவதில் கட்டணம் கட்ட முடியாமல் நின்றவர் யார் என்பது அதில்தான் தெரியும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்கள் எங்கள் பொறியியல் கல்லூரியில் பின்தங்குகிறார்கள். 66 சதவீதம்தான், மற்றவர்கள் 84. அரசுப் பள்ளி அடித்தளம் சரியில்லையோ? (உதவிப் பேராசிரியர்)

துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தீர்களா? ஒரு கணக்கு சொல்கிறேன். கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் 90 சதவீதம், மெக்கானிக்கலில் எல்லோருக்கும் 60 என்று வையுங்கள். ஒதுக்கீட்டில் வந்த 50 பேரில் 40 பேர் மெக்கானிக்கல். மற்ற 100 பேரில் 20 பேர்தான். கூட்டிப் பாருங்கள், அதே 66, அதே 84! பிள்ளைகளுக்குள் வித்தியாசமே இல்லை. உங்கள் கல்லூரியிலும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. பிரிக்காமல் பள்ளியைக் குறை சொல்லாதீர்கள் என்கிறேன்.

2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. பாதிப் பேர் பட்டதாரி ஆகிறார்கள் என்றுதானே அர்த்தம்? (மாணவி)

இல்லைம்மா. அது சேர்க்கை மட்டும். அந்த வகுத்தலில், எந்த வயதில் படித்தாலும் மேலே சேர்ப்பார்கள். கீழே 18 முதல் 23 வயது வரை உள்ள மக்கள்தொகை. படித்து முடித்தார்களா என்று அந்த எண் சொல்லாது.

முதல் பட்டதாரி (குடும்பத்திலேயே முதலில் பட்டம் படிப்பவர்) சான்றிதழ் வைத்திருப்பவர்களை முதல் தலைமுறை என்று எடுக்கலாமா? (ஆய்வு மாணவர்)

முழுசாக எடுக்க முடியாது. அண்ணன் பட்டம் வாங்கியிருந்தால் தங்கைக்குச் சான்றிதழ் கிடைக்காது. ஆனால் அப்பா அம்மா பள்ளி தாண்டாத வீடுதானே அதுவும்? சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் படிப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வகுப்பில் எஸ்.டி. மாணவர்கள் 3 பேர். போன வருடம் 100 சதவீதம், இந்த வருடம் 67. என்ன காரணம் எழுதுவது? (வகுப்பு ஆசிரியர்)

ஒருவர் அரியர் வைத்தார், அவ்வளவுதானே? இதற்குப் போய் காரணம் எழுதுவதா! ஐந்தாண்டு சேர்த்து, எல்லாத் துறையும் சேர்த்துப் பார்த்தால் ஏதாவது புரியலாம். அப்புறம், அந்த 67-ஐ அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். 3 பேரில் தவறியது யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, எந்தப் பேப்பர் போச்சு என்று கேளுங்கள்.